மருத்துவரை எதில் நம்புவது, எதில் கேள்வி கேட்பது: முதன்முறையாகப் பெரிய சிகிச்சைக்குப் போகும் குடும்பங்களுக்கு

வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று முதன்முறையாகத் தெரியவரும்போது, குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. "டாக்டர் சொல்லிவிட்டார், இதற்கு மேல் என்ன பேச்சு" என்று எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுகின்றன. இல்லையென்றால், "எல்லாம் பணம் பிடுங்கும் வேலை" என்று முதல் நாளிலேயே முடிவுகட்டி, உண்மையிலேயே தேவைப்படும் சிகிச்சையையும் தள்ளிப்போடுகின்றன. இரண்டிலும் இருப்பது ஒரே பிழைதான். நம்பிக்கையை ஓர் ஆளுக்கு மொத்தமாகக் கொடுப்பதா, மொத்தமாக மறுப்பதா என்றே இரு தரப்பும் யோசிக்கின்றன.

ஒரே மருத்துவர் ஒரே உரையாடலில் சொல்லும் செய்திகளுக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறது. நோய் என்ன, அதற்கு என்ன சிகிச்சைகள் உள்ளன, அவற்றை எப்படிச் செய்வது என்பவை அவருடைய பல்லாண்டுப் படிப்பிலிருந்து வருபவை. அவற்றில் அவரை நம்புவதே இயல்பு. எந்த மருத்துவமனையில், எவ்வளவு விரைவில், எந்தக் கருவியைக் கொண்டு, எத்தனை பரிசோதனைகளுடன் என்ற விஷயங்களில் அவருடைய படிப்போடு அவருடைய வருமானமும் மருத்துவமனையின் வருமானமும் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் கேள்வி கேட்க வேண்டும். இந்தச் சிகிச்சையின் வலியையும் செலவையும் இந்த நோயாளி ஏற்க விரும்புகிறாரா என்பது எந்த மருத்துவக் கல்லூரியிலும் கற்றுத்தரப்படாதது. அந்த முடிவை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. கீழே வரும் படிகள், பொதுவாக நிகழ்வுகள் நடக்கும் வரிசையில் அமைந்தவை. சட்டம், புள்ளிவிவரம் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் சிகிச்சை பெறுவோரை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: அவசரமா, இல்லையா?

எவ்வளவு கேள்வி கேட்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நேரம்தான். மாரடைப்பு, பக்கவாதம், விபத்தில் ஏற்படும் கடும் இரத்தப்போக்கு, பிரசவத்தின் நடுவில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைவது போன்ற நிலைகளில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மாரடைப்பில் அடைபட்ட குழாய் திறக்கப்படாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் இதயத்தசையை அழித்துக்கொண்டிருக்கும். "பெரியப்பா ஊரிலிருந்து வரட்டும், பேசிவிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று காத்திருந்து இழந்த உயிர்கள் உண்டு. இத்தகைய வேளையில் 108ஐ அழைத்து, சென்று சேர்ந்த இடத்தில் எதிரில் நிற்கும் தகுதியுள்ள மருத்துவரை முழுமையாக நம்புவதே அறிவுடைமை.

ஆனால் அவசரம் என்ற சொல் தளர்வாகவும் பயன்படுத்தப்படுகிறது. எனவே நோயாளி பேசும் நிலையில், நடக்கும் நிலையில் இருந்தால், தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "டாக்டர், இதை ஒரு வாரம் கழித்துச் செய்தால் என்ன ஆகும்?" குறிப்பிட்ட ஆபத்து ஒன்றை அவர் பெயர் சொல்லி விளக்கினால், அது பதில். "அது உங்கள் இஷ்டம், நாங்கள் பொறுப்பாக மாட்டோம்" என்பது பதில் ஆகாது. மறுபடியும் பணிவாகக் கேளுங்கள். புற்றுநோய்களில் பலவற்றில்கூட இன்னொருவரைப் பார்ப்பதற்கான சில நாள் அவகாசம் இருக்கும். கடும் இரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் அதுவும் இருக்காது. எது எந்த வகை என்று இணையத்தில் தேடுவதைவிட, சிகிச்சை தருபவரையே கேட்பது நல்லது.

இரண்டாம் படி: எதிரில் இருப்பவர் யார்?

இது ஐந்து நிமிட வேலை. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளிலேயே உள்ளது. அந்தப் பெயரைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். எம்பிபிஎஸ் அடிப்படைப் பட்டம்; எம்டி, எம்எஸ், டிஎன்பி ஆகியவை மேற்படிப்பு; டிஎம், எம்சிஎச் ஆகியவை அதற்கும் மேலான உயர் சிறப்புப் படிப்பு. பெயர்ப் பலகையில் நீண்டு செல்லும் மற்ற எழுத்துகளில் பல, குறுகிய காலப் பயிற்சிகளையும் சங்க உறுப்பினர் தகுதிகளையும் குறிப்பவை. அவற்றில் தவறில்லை; ஆனால் நீளத்தை வைத்துத் திறமையை அளக்க முடியாது.

மூன்றாம் படி: உங்கள் பக்கத்து உண்மையைச் சொல்லுங்கள்

67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வொன்று, பொது மருத்துவர் ஒரு நோயாளியுடன் செலவிடும் சராசரி நேரம் வங்காளதேசத்தில் 48 நொடிகளாகவும் சுவீடனில் 22.5 நிமிடங்களாகவும் இருப்பதைக் காட்டியது. நம் ஊர் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு, நாம் எந்தப் பக்கத்துக்கு நெருக்கமாக இருக்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குறுகிய நேரத்தை வீணாக்காமலிருக்க ஒரே ஒரு தாளில், தொந்தரவு எப்போது தொடங்கியது, எப்படி மாறியது, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எவை, ஒவ்வாமை உண்டா, முன்பு என்ன அறுவைச் சிகிச்சை நடந்தது என்று தேதியுடன் எழுதிச் செல்லுங்கள். உங்களுடைய முக்கியமான மூன்று கேள்விகளையும் அதன் அடியில் எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவரை நம்பலாமா என்று கேட்கும் குடும்பங்கள், மருத்துவர் தங்களை நம்பலாமா என்று தங்களையே கேட்டுக்கொள்வது அரிது. மாத்திரையை இடையில் நிறுத்தியது, குடிப்பழக்கம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி நிவாரணி, நாட்டு மருந்து, சித்த மருந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, "மருந்து வேலை செய்யவில்லை" என்று குறைப்படுகிறோம். திட்டுவாரோ என்ற அச்சத்தால் மறைப்பவர்களே அதிகம். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். தொடர்ந்து எடுக்கும் வலி நிவாரணி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் மருந்து, அதை நிறுத்தாமல் அறுவை அரங்குக்குப் போனால் ஆபத்தாக முடியக்கூடியது.

குடும்பத்தின் சார்பில் பேச ஒருவரை மட்டும் நியமித்துக்கொள்வதும் இந்தப் படியில் அடங்கும். காலையில் மருமகன், மாலையில் சித்தப்பா, இரவில் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் மூத்த மகன் என்று ஆளுக்கொரு கேள்வியாகக் கேட்டால், மருத்துவர் மிகச் சுருக்கமான, மிகப் பாதுகாப்பான பதிலைத்தான் தருவார். வெளிநாட்டு மகன் கேட்பது தவறில்லை. அவருடைய கேள்விகளும் அந்த ஒருவர் வழியாகவே போகட்டும்.

நான்காம் படி: பரிசோதனை எழுதினால்

"இதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறாது என்றால், அந்தப் பரிசோதனை ஏன் என்று அடுத்துக் கேட்கலாம். நோயாளியை அனுப்பியதற்காகத் தரகுத்தொகை வாங்குவதையும் கொடுப்பதையும் 2002 விதிகள் தடை செய்கின்றன. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்லும். மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வாங்குவது, எங்கே எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனம் கூறுகிறது. தரமான வேறோர் ஆய்வகத்தில் எடுத்த அறிக்கையைக் காரணம் எதுவும் சொல்லாமல் ஏற்க மறுக்கும் இடத்தைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் வருவதில்லை.

ஐந்தாம் படி: அறுவைச் சிகிச்சை என்று சொன்னால்

அதிக எச்சரிக்கை தேவைப்படும் இடம் இது. மருத்துவர் நேர்மையானவராக இருக்கும்போதும் இங்கே எச்சரிக்கை தேவை; ஏனென்றால் அறுவைச் சிகிச்சை நிபுணரின் கண்ணுக்கு அறுவைச் சிகிச்சையே முதலில் தெரியும். அது பேராசையால் வருவதில்லை, பயிற்சியால் வருவது.

ஓர் எடுத்துக்காட்டு. நடக்கும்போது மட்டும் மார்பில் இறுக்கம் வந்து, நின்றால் போய்விடுகிற, நிலையான இதய நோயாளி ஒருவருக்கு ஆஞ்சியோகிராம் (இதயக் குழாய்களின் அடைப்பைக் காட்டும் படம்) எடுத்ததும், "எழுபது சதவீதம் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும்" என்று, அதாவது குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைச்சுருளைப் பொருத்த வேண்டும் என்று சொல்லப்படுகிறது. நோயாளி மேசையின் மேல் படுத்திருக்கிறார்; குடும்பம் வெளியே கையெழுத்துக்கு நிற்கிறது. இத்தகைய நிலையான நோயாளிகள் 5,179 பேரை வைத்து நடத்தப்பட்டு 2020இல் வெளியான இஸ்கீமியா என்ற பன்னாட்டு ஆய்வு, நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சேர்த்துச் செய்தவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் இடையே மரணத்திலும் மாரடைப்பிலும் சொல்லத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அடிக்கடி நெஞ்சுவலி வந்தவர்களுக்கு மட்டும் வலி குறைந்து வாழ்க்கை எளிதானது. அந்த ஆய்வில் சேர்க்கப்படாதவர்களும் உண்டு: இதயத்தின் பெரும்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இடது முதன்மைத் தமனியில் அடைப்புள்ளவர்கள், இதயத்தின் இறைக்கும் திறன் வெகுவாகக் குறைந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள். ஆகவே "ஸ்டென்ட் வேண்டாம்" என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. "என் அப்பா அந்தச் சேர்க்கப்படாத வகையில் வருகிறாரா, மருந்தோடு தொடங்கலாமா?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பதே இதன் பயன். ஆஞ்சியோகிராமுக்கு மட்டும் தனியாக ஒப்புதல் தந்து, முடிவைப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; மாரடைப்போடு போனவருக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குச் சிறு துளையிட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கும் இதுவே நேர்ந்தது. 2002இல் அமெரிக்காவில் 180 நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது, தோலில் கீறலை மட்டும் போட்டுத் தைத்து அனுப்பப்பட்டவர்களும் அதே அளவு நலம் உணர்ந்தார்கள். அதுவரை அதைச் செய்துவந்த மருத்துவர்கள் யாரையும் ஏமாற்ற நினைத்தவர்களில்லை. தங்கள் கண்ணெதிரே நோயாளி நலமடைவதைப் பார்த்தே நம்பினார்கள்.

இடமும் முடிவை மாற்றுகிறது. 2019-21 காலத்தின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். சிக்கலான கர்ப்பங்கள் பலவும் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பப்படும் மாநிலத்தில் இந்த இடைவெளியை நோயின் தன்மையால் மட்டும் விளக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு தாய்க்குச் சொல்லப்பட்ட சிசேரியன் தேவையற்றது என்று இந்த எண்கள் சொல்லவில்லை, பிரசவ வலி வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, "எந்தெந்தக் காரணங்களுக்காக நீங்கள் சிசேரியன் செய்வீர்கள்?" என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கின்றன. கருப்பை அகற்றலும் இப்படிப்பட்டதே. தேவையற்ற கருப்பை அகற்றல்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023இல் ஆணையிட வேண்டியிருந்தது.

கேட்க வேண்டியவை சில: இதனால் நோய் குணமாகுமா, அல்லது தொந்தரவு குறையுமா? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? மருந்து, உடற்பயிற்சி, காத்திருத்தல் ஆகியவற்றில் எதையாவது முதலில் முயலலாமா? இந்த அறுவைச் சிகிச்சையை நீங்களே செய்வீர்களா, ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? "உங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற புகழ்பெற்ற கேள்வியில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. அவருடைய அப்பாவின் வயது வேறு, விருப்பம் வேறு, வங்கிக் கணக்கும் வேறு.

ஆறாம் படி: இன்னொருவரிடம் காட்டுவது

நம்மவர்கள் இரண்டாவது கருத்துக் கேட்பதை ஒரு துரோகமாக எண்ணுகிறார்கள். "இவருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார்" என்று ஒளித்துப் போகிறார்கள். போன இடத்தில் முதல் மருத்துவரின் கோப்பைக் காட்டாமல் எல்லாப் பரிசோதனையையும் புதிதாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேண்டாதவை. "வீட்டில் எல்லாருக்கும் ஒரு தெளிவு வேண்டும், சார், இன்னொரு கருத்துக் கேட்டுவிட்டு வருகிறோம்" என்று சொன்னால் பெரும்பாலான மருத்துவர்கள் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சீறுபவரைப் பற்றி அந்தச் சீற்றமே உங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது.

ஆவணங்களைக் கேட்கத் தயங்க வேண்டாம். நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பதும், உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும் மேற்சொன்ன 2002 விதிகளிலேயே உள்ளன. அறிக்கைத் தாள்களோடு ஸ்கேன் படங்களின் குறுந்தகட்டையும், சதைப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். புற்றுநோயில் இரண்டாவது கருத்தின் பாதி மதிப்பு, அந்தத் தகட்டை வேறொரு நோய்க்குறியியல் நிபுணர் மீண்டும் பார்ப்பதில்தான் இருக்கிறது.

யாரிடம் போவது? முதல் மருத்துவர் பரிந்துரைக்கும் நண்பரிடம் வேண்டாம். அதே நிறுவனத்தின் இன்னொரு கிளையும் வேண்டாம். கூடுமானால், அந்த அறுவைச் சிகிச்சையால் வருமானம் பெறாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை சொல்லப்பட்டவர் நரம்பியல் மருத்துவரையோ உடலியக்க மறுவாழ்வு மருத்துவரையோ பார்க்கலாம். ஸ்டென்ட் சொல்லப்பட்டவர், ஸ்டென்ட் வைக்காத இதயநோய் மருத்துவரைப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் வெளிநோயாளிப் பிரிவை இதற்காகப் பயன்படுத்துவோர் மிகவும் குறைவு. வரிசை நீளம்தான், ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு, மருத்துவமனையின் வருமானத்துக்காக உங்களைக் கத்திக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடி பெரும்பாலும் இருக்காது.

இரு கருத்துகளும் முரண்பட்டால் மூன்றாவது, நான்காவது என்று விரும்பிய பதில் கிடைக்கும் வரை அலைவது ஆபத்தான பழக்கம். முரண்பாடு எதில் என்று பிரித்துப் பாருங்கள். நோய் என்ன என்பதிலேயே வேறுபட்டால் மூன்றாவது நிபுணர் தேவை. நோயில் ஒத்துப்போய் சிகிச்சையில் மட்டும் வேறுபட்டால், இரு வழியும் மருத்துவத்தில் ஏற்கத்தக்கவையாக இருக்கக்கூடும். அங்கே தீர்ப்பு நோயாளியின் கையில்.

ஏழாம் படி: கையெழுத்து யாருடையது?

ஒப்புதல் படிவத்தை மகனிடம் நீட்டுவது நம் மருத்துவமனைகளின் வழக்கம். சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. சமீரா கோலி வழக்கில், நோயறியும் சோதனைக்காக மட்டும் ஒப்புதல் தந்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே நின்ற தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. உயிர் காக்கும் அவசரம் இல்லாதபோது, சுயநினைவுள்ள வயதுவந்தவரின் ஒப்புதலுக்கு மாற்று கிடையாது. எனவே படிவத்தை முந்தைய நாளே கேட்டு வாங்கி, நோயாளிக்குப் படித்துக் காட்டி, எந்தச் செயல்முறைக்கு என்ற இடம் வெற்றாக இல்லாமல் நிரப்பப்பட்ட பிறகே கையெழுத்திடச் செய்யுங்கள்.

இங்கே குடும்பங்களும் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன. "அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர், தாங்க மாட்டார்" என்று அறை வாசலில் நின்று கெஞ்சாத குடும்பம் குறைவு. அன்பினால் செய்வதுதான். ஆனால் கீமோதெரபிக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, பக்கத்தில் இருப்பவர்களின் தலையைப் பார்த்தால் தெரியாதா? தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்படுகிறது. மருத்துவர் சொல்வதையும் பிள்ளைகள் சொல்வதையும் ஒருசேர நம்ப முடியாமல் போகிறது. நோயாளியிடமே முதலில் கேட்டுவிடலாம்: "எல்லா விவரத்தையும் டாக்டர் உங்களிடமே சொல்லட்டுமா, அல்லது எங்களில் ஒருவரிடம் சொன்னால் போதுமா?" தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவரே சொன்னால் அது அவருடைய முடிவு; நாம் அவருக்காக எடுத்த முடிவாக அது இருக்காது.

எட்டாம் படி: தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நடப்பது எதையும் பார்க்க முடியாத இந்த இடத்தில்தான் சந்தேகம் வேகமாக வளர்கிறது. அதைத் தணிக்கும் வழி, அன்றாடம் ஒரே நேரத்தில், ஒரே மருத்துவரிடம், ஒருவர் மட்டும் பேசுவது. "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் "அப்படியே இருக்கிறார்" என்ற பதில்தான் வரும். நேற்றைவிட எந்த உறுப்பு தேறியிருக்கிறது, எது மோசமாகியிருக்கிறது, அடுத்த இரண்டு நாளில் எதை எதிர்பார்க்கிறீர்கள், அது நடக்காவிட்டால் திட்டம் என்ன என்று கேளுங்கள். அன்றன்றைய கட்டண விவரத்தையும் அன்றன்றே வாங்கிக்கொள்ளுங்கள். இறுதி நாளில் மொத்தமாகப் பார்த்து அதிர்வதால், அதுவரை நல்லபடி சிகிச்சை தந்தவர்மீதும் வெறுப்பு வருகிறது. கட்டணத் தகராறுக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்று உரிமைச் சாசனம் தெளிவாகக் கூறுகிறது.

மீள்வதற்கான வாய்ப்பு இல்லை என்று மருத்துவர் கூறும்போது, "பணம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு கைவிடுகிறார்" என்றும், "வென்டிலேட்டரைத் தொடர்வோம்" என்று கூறும்போது "பில்லை ஏற்றுகிறார்" என்றும் ஒரே குடும்பம் ஒரே வாரத்தில் எண்ணுவதுண்டு. மீள முடியாத நிலை வந்தால் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர வேண்டுமா என்பதில் தன் விருப்பத்தை நோயாளி நலமாக இருந்தபோதே எழுதி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது.

ஒன்பதாம் படி: தவறு நடந்ததாகத் தோன்றினால்

மோசமான விளைவு எல்லாமே கவனக்குறைவு ஆகாது. சரியாகச் செய்த அறுவைச் சிகிச்சையிலும் நோய்த்தொற்று வரும், இரத்தம் கசியும், உயிரும் போகும். ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்த ஆபத்து நிகழ்ந்ததா, அல்லது நிகழவே கூடாத ஒன்று நிகழ்ந்ததா என்பதை முதலில் சிகிச்சை தந்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உறவினர் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியை உடைப்பதும் பணியில் இருக்கும் இளம் மருத்துவரின் சட்டையைப் பிடிப்பதும், மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி தனிக் குற்றம். அதன் பிறகு உங்கள் புகாரில் நியாயம் இருந்தாலும் கேட்க ஆளிருக்காது.

விளக்கம் நிறைவளிக்கவில்லை என்றால் பாதைகள் தனித்தனியாக உள்ளன. மருத்துவரின் ஒழுக்கம் பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்குப் போகும். அது அவருடைய பதிவைப் பற்றி முடிவெடுக்குமே தவிர இழப்பீடு தராது. இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது, ஆனால் எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை தரும் மருத்துவமனைகள் அதற்குள் வருவதில்லை. குற்ற வழக்கு என்றால், சார்பற்ற வேறொரு மருத்துவரின் கருத்தைக் காவல்துறை முதலில் பெற வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு கூறுகிறது. நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்ய இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. எந்தப் பாதையில் போவதானாலும் பதிவுகள் கையில் இருக்க வேண்டும் என்பதால், வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன்பே அவற்றின் நகலை எழுத்து மூலம் கேட்டு, விண்ணப்பத்தின் இன்னொரு பிரதியில் மருத்துவமனையின் முத்திரையோடு பெறுகைக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.